ஆர்கனுக்குள் ஒரு டாக்ஸி ஆபீஸ்

"அந்தம்மாவை வாயை மூடச் சொல்லுங்க பிரதர்," என்றார் பாஸ்டர் ஹோசியா.

"எந்தம்மா பாஸ்டர்?"

"உங்க ஆர்கனுக்குள்ள இருக்கிற அம்மா."

"அவங்களை எனக்குத் தெரியாது பாஸ்டர்."

"நாற்பது நிமிஷம் உங்க காலடியில உக்காந்து பேசியிருக்காங்க. தெரியாதுங்கறீங்க."

நேற்று ஆராதனை முடிந்ததும் நடந்த இந்தப் பேச்சை, திங்கட்கிழமை சாயங்காலம் எல்மோர் டார்ப்ளி மனதுக்குள் இருபதாவது முறையாக ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது அவர் ஆர்கனுக்குப் பக்கத்தில் நிற்கும் சுழல் பெட்டி என்கிற ஒலிபெருக்கியின் பின்னால் தவழ்ந்துகொண்டிருந்தார். கையில் ஒரு ரோல் அலுமினியத் தாள். சமையலறை சிஸ்டர் ஒஸெல்லா கோழி வறுவலை மூடி வைக்க வாங்கியது. கேட்டு எடுக்கவில்லை. எதையும் கேட்டு எடுக்கிற பழக்கம் எல்மோருக்குக் கிடையாது. எதையும் கேட்கிற பழக்கமே கிடையாது.

நேற்று நடந்தது இதுதான். பாஸ்டர் பிரசங்கத்தின் உச்சத்தில் இருந்தார். சட்டைக் காலர் நனைந்துவிட்டது. இரண்டு கைகளையும் விரித்து, "ஆத்துமாவே, நீ எங்கே போகிறாய்?" என்று கேட்டார். எல்மோர் வழக்கம்போல் அடியில் ஒரு மெல்லிய நாதத்தைப் பிடித்து, சுழல் பெட்டியை வேகத்தில் விட்டார்.

"முப்பதாம் தெரு ஸ்டேஷனுக்கு. ரெண்டு பெட்டி இருக்கு," என்றது சுழல் பெட்டி.

பெண்குரல். உள்ளே ஒலிபெருக்கிக் கொம்பு வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்ததால், தண்ணீருக்கு அடியிலிருந்து ஒரு தேவதூதி அழுதுகொண்டே பேசுவதுபோல் இருந்தது. பின்வரிசையில் யாரோ "அல்லேலூயா" என்றார்கள்.

பாஸ்டர் அனுபவஸ்தர். விடாமல் அடுத்த வரிக்குப் போனார். "யாரை நான் அனுப்புவேன்?"

"மூணு, நீ போ. ஏழு சாப்பிடப் போயிருக்கான்."

சர்ச்சுக்குப் பின்சந்தில் மூடிக் கிடந்த சலவைக் கடையில் போன வாரம் ஒரு டாக்ஸி கம்பெனி குடிவந்து, கூரையில் பெரிய ஏரியல் நட்டிருந்தது. ஆர்கனின் பழைய வால்வுகளும் அதிலிருந்து சுழல் பெட்டிக்குப் போகும் நீளக் கேபிளும் அந்த ஏரியல் சொல்வதையெல்லாம் பிடித்துக் கொடுத்துவிட்டன. டிரைவர்கள் ஊர் முழுக்கச் சிதறிக் கிடந்ததால் அவர்களுடைய பதில் எட்டவில்லை. ஆபீஸில் உட்கார்ந்து வண்டிகளை அனுப்பும் பெண்ணின் குரல் மட்டும், பிரசங்க மேடையிலிருந்து ஆறடி தூரத்தில், தெளிவாக.

"ஆண்டு விழாவுக்கு இன்னும் நாலு ஞாயிறு இருக்கு," என்றிருந்தார் பாஸ்டர். "அன்னிக்கு பிஷப் வர்றாரு. அதுக்குள்ள அந்தம்மா போயிடணும். இல்லேன்னா ஆர்கன் போகும்."

இந்த வார்த்தைக்காகவே பிறந்தவர் போல, சபை நிர்வாகம் பார்க்கும் டீக்கன் மேப்ரி கோட்டுப் பையிலிருந்து ஒரு விளம்பரத் தாளை எடுத்தார். எப்போதிலிருந்து அது அங்கே இருந்ததோ, மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது.

"புது மாடல். வால்வே கிடையாது. ஒரு பட்டனை அமுக்கினா அதுவே டிரம் அடிக்கும் பாஸ்டர். எட்டு தாளம். போசா நோவா டான்ஸ் தாளம் கூட இருக்கு."

"சர்ச்சுக்கு எதுக்கு டீக்கன் போசா நோவா?"

"சேர்ந்தே வருது. தனியாக் கழட்ட முடியாதாம்."

எல்மோருக்குச் சொல்ல நிறைய இருந்தது. இந்த ஆர்கன் 1955 மாடல். பதினாறு வருஷமாக ஒரு ஞாயிறு கூட லீவு எடுக்காதது. முதல் சுவிட்சை எட்டு விநாடி பிடித்து, உள்ளே தொண்ணூற்றுச் சொச்சம் பல்சக்கரங்களும் தூக்கம் கலைந்து எழும் வரை காத்திருந்து, அதை விடாமலே இரண்டாவது சுவிட்சைத் தட்டினால்தான் வாய் திறக்கும். அவசரக்காரனுக்கு அது பாடாது. வருஷத்துக்கு ஒருமுறை நாலு சொட்டு எண்ணெய், அவ்வளவுதான் அது கேட்கிற சம்பளம். விரல் பட்டதும் கட்டைகள் 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம் போடும். குறைதான் அது. ஆனால் வடக்கு பிலடெல்பியாவில் ஆர்கன் வாசிக்கிற எவனும் அந்தச் சத்தம் இல்லாத ஆர்கனைத் தொடமாட்டான். சூப்பில் மிளகு இல்லையென்றால் எப்படி இருக்கும், அப்படி.

இதையெல்லாம் அவர் பாஸ்டரிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் எல்மோர் பேச வேண்டியதையெல்லாம் இத்தனை வருஷமாக அந்த ஆர்கன்தான் பேசிக்கொண்டிருந்தது. அவருக்கு நாற்பத்தேழு வயது. தபால் ஆபீஸில் பகல் முழுக்கத் தெருவாரியாகக் கடிதம் பிரிக்கிற வேலை. கடிதங்கள் எதுவும் கேட்பதில்லை. சர்ச் விருந்தில் உப்பு ஜாடி இரண்டு ஆள் தள்ளி இருந்தால் உப்பில்லாமலே சாப்பிட்டு எழுந்துவிடுவார். அந்த ஆர்கனும் போய்விட்டால் அவர் ஊமைதான்.

ஆகவே அலுமினியத் தாள். சுழல் பெட்டியைச் சுற்றி மூன்று சுற்று சுற்றினார். பார்க்க ஒரு பெரிய வான்கோழியை அடுப்பில் வைக்கத் தயார் செய்த மாதிரி இருந்தது. ஆர்கனை எழுப்பி, பெடலில் கால் வைத்தார்.

"ஏழு, ஏழு," என்றது பெட்டி. முன்பு லேசாகக் கரகரப்பு இருந்தது. இப்போது அதுவும் இல்லை. அவள் ஏதோ மென்று விழுங்கும் சத்தம்கூடக் கேட்டது. பிரெட்ஸல் முறுக்கு என்று நினைத்தார்.

புதன்கிழமை பழைய ரேடியோ ரிப்பேர் புத்தகம் ஒன்றைப் பார்த்து, ஆர்கனின் அடிச்சட்டத்திலிருந்து ஓர் எர்த் கம்பியை இழுத்து ஹீட்டர் குழாயில் கட்டினார். இதுவரை பெடலிலிருந்து காலை எடுத்தால் ஆர்கனோடு சேர்ந்து அவள் குரலும் அடங்கும். அந்த ஒரு வசதி இருந்தது. கம்பி கட்டியதும் அது போய்விட்டது. கால் இருந்தாலும் பேசினாள், எடுத்தாலும் பேசினாள். கம்பியை அவிழ்த்த பிறகும் பேசினாள். ஏதோ ஒரு பழக்கம் ஏற்பட்டுவிட்டதுபோல.

அடுத்த ஞாயிறு, மௌன ஜெபத்தின்போது, முந்நூறு பேர் தலை குனிந்திருக்கையில், "மூணு தடவை கூப்பிட்டேன். காது கேக்குதா இல்லையா?" என்று சுழல் பெட்டி கேட்டது.

டீக்கன் மேப்ரியின் தம்பி, பன்னிரண்டு வருஷமாக சர்ச் பக்கம் வராமல் அன்றுதான் மனைவியின் நச்சரிப்பில் வந்தவன், எழுந்து நின்று ஓவென்று அழுதான்.

பாஸ்டருக்கு அதில் சந்தோஷம்தான். ஆனாலும் ஆராதனை முடிந்ததும் எல்மோரைப் பார்த்து விரல் விட்டு எண்ணிக் காட்டினார். மூணு விரல்.

வேறு வழியில்லை. அந்தப் பெண்ணை நேரில் பார்த்துப் பேச வேண்டும். திங்கட்கிழமை எல்மோர் பின்சந்தில் மூன்று முறை மேலும் கீழும் நடந்தார். நாலாவது நடையில் கதவு தானாகத் திறந்தது.

"உள்ள வாங்க, இல்ல வெளிய போங்க. ஒரே ஆள் இத்தனை தடவை போறதைப் பாத்தா எனக்குத் தலை சுத்துது."

மேஜைக்குப் பின்னால் இருந்தவளுக்கு நாற்பது, நாற்பத்திரண்டு இருக்கும். ஊதா நிற ஸ்வெட்டர். ஒரு காதில் ஹெட்ஃபோன், மறு காதில் கம்மல். பெயர்ப்பலகையில் வெர்டெல் ஹாலிஃபீல்ட். பக்கத்தில் ஒல்லியான டிரைவர் ஒருவன் ஸ்டூலில் உட்கார்ந்து பொரித்த மீன் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"இவன் ஸ்கீட்ஸ்," என்றாள். "ரெண்டாம் வண்டி. வண்டியில இருக்கிற நேரத்தைவிட ஸ்டூல்ல இருக்கிற நேரம் ஜாஸ்தி. உங்களுக்கு எங்க போகணும்?"

குரலை அவருக்குத் தெரியும். அதற்கு ஒரு முகம் இருக்கும் என்று மட்டும் அவர் யோசித்திருக்கவில்லை. தொப்பியைக் கழற்றி, திரும்ப வைத்து, மறுபடி கழற்றினார்.

"நீங்க... எங்க ஆர்கன்ல வர்றீங்க," என்றார்.

ஸ்கீட்ஸ் மெல்லுவதை நிறுத்தினான்.

எல்மோர் துண்டு துண்டாக விஷயத்தைச் சொல்லி முடிக்கப் பத்து நிமிஷம் ஆனது. நடுவில் நாலு வண்டிகளை அனுப்பிவிட்டாள். கடைசியில் மேஜைமேல் தலையைக் கவிழ்த்துச் சிரித்தாள். தோள் குலுங்கியது.

"அப்போ நான் ரெண்டு வாரமா பிரசங்கம் பண்ணியிருக்கேன். எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா எவ்வளவு சந்தோஷப்படுவாங்க. நான் உருப்படமாட்டேன்னு சொல்லிட்டே இருப்பாங்க."

"ஞாயித்துக்கிழமை பதினொண்ணுலேர்ந்து ஒரு மணி வரைக்கும் நீங்க..." என்று ஆரம்பித்தார் எல்மோர். 'பேசாம இருக்க முடியுமா' என்பதுதான் மிச்சம். அதைச் சொல்லாமல் தொப்பியின் விளிம்பைத் திருகினார்.

அவள் அதைப் புரிந்துகொண்டாள். "முடியாதே மிஸ்டர் டார்ப்ளி. இந்த ஊர்ல அத்தனை அக்காமாரும் தொப்பி கசங்காம சர்ச்சுக்குப் போறது டாக்ஸியிலதான். அன்னிக்குத்தான் எங்களுக்குப் பொழப்பே. ஒண்ணு வேணா செய்றேன். மரியாதையாப் பேசறேன். சர்ச்சுல பேசற மாதிரி."

"சரி," என்றார். வந்த வேலை கெட்டுவிட்டது என்று தெரிந்தும் ஏனோ கிளம்ப மனம் வரவில்லை.

"தினம் சாயங்காலம் ஆறு மணிக்கு இந்த ஜன்னல் வழியா வர்ற சத்தம் உங்களுதா?"

"மன்னிச்சுக்கங்க. ஜன்னலைச் சாத்திக்கிட்டா அவ்வளவாக் கேக்காது."

"சாத்தறதில்ல," என்றாள் வெர்டெல். அதற்குள் ஹெட்ஃபோனில் யாரோ கூப்பிட, திரும்பிக்கொண்டாள். கோபம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு எல்மோர் வெளியே வந்தார்.

அவள் சொன்ன சொல் தவறவில்லை. மூன்றாவது ஞாயிறு காலை பாஸ்டர் "அன்பானவர்களே" என்று வாயெடுத்ததும், சுழல் பெட்டி கனிவாகத் தொடங்கியது.

"பிரதர் மூணு, சமாதானம் உண்டாவதாக. டைமண்ட் தெரு முனையில ஒரு சிஸ்டர் நெடுநேரமாக் காத்திருக்காங்க. விரைந்து போங்க. பிரதர் ஏழு, நீங்க வழி தப்பிட்டீங்க. திரும்பி வாங்க. இன்னும் நேரம் இருக்கு."

சபை எழுந்து நின்றுவிட்டது. கை தட்டல், கால் தட்டல். வழி தப்பியவர்கள் என்று தங்களைக் கருதியவர்கள் பதினோரு பேர் முன்னால் வந்தார்கள். பாஸ்டர் அவர்களுக்கு ஜெபம் செய்து முடித்து நெற்றியைத் துடைத்தபோது, ஆர்கனில் புதிதாக ஒரு நம்பர் வந்தது.

"பிரதர் பதினாலு. என்ன இவ்வளவு வேகம்? திருப்பத்துல கொஞ்சம் நிதானிக்கக் கூடாதா? உங்களை யாரும் துரத்தல."

எல்மோர் அப்போது பாட்டின் கடைசித் திருப்பத்தில் பறந்துகொண்டிருந்தார். அந்தப் பதினாலாம் வண்டிக்காரனை நினைத்துக் கொஞ்சம் பாவமாக இருந்தது. அவர் கைகளும் தானாக நிதானித்தன.

"அப்படித்தான்," என்றது பெட்டி. "இப்ப எவ்வளவு நல்லாருக்கு."

அடுத்த நாள் சாயங்காலம், ஆளில்லாத சர்ச்சில் எல்மோர் ஒத்திகை பார்க்க உட்கார்ந்தார். பெட்டியைச் சுற்றிய தாள் இன்னும் அப்படியேதான் இருந்தது. அவர் அதைப் பிரிக்கவில்லை. பிரிக்காததற்கு ஒரு காரணத்தையும் அவர் தனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை.

"பதினாலு," என்று குரல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மரியாதை கழன்றிருந்தது. "நேத்து சாயங்காலம் அந்தக் கடைசி ஏத்தத்துல நீ போன விதம் இருக்கே. என் காப்பி ஆறிப்போச்சு. எடுத்துக் குடிக்கத் தோணல."

எல்மோர் வாசிப்பதை நிறுத்தினார்.

"ஏன் நின்னுட்ட?" என்றாள் அவள். அந்தப் பதினாலு நடுரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டான் போலிருக்கிறது. இப்படிப்பட்டவனுக்கெல்லாம் லைசென்ஸ் கொடுத்தது யார்.

அந்த வாரம் முழுக்க அவன்தான். மூணுக்கும் ஏழுக்கும் தெருப்பெயர், பெட்டிக் கணக்கு, அதட்டல். பதினாலுக்கு மட்டும் வேறு பேச்சு.

"பதினாலு, தினமும் என் ஜன்னல் பக்கமா வந்து போற. ஒரு நாளாவது நின்னுட்டுப் போனா என்ன?"

"பதினாலு, உனக்கு வாய்னு ஒண்ணு இருக்கா?"

"பதினாலு, இன்னிக்கு ரொம்ப சோகமா ஓட்டற. யார் என்ன சொன்னா?"

எல்மோர் மனதில் அந்தப் பதினாலாம் ஆளுக்கு ஓர் உருவம் வந்துவிட்டது. உயரம். மெல்லிய மீசை. கொஞ்சம் சாய்த்து வைத்த தொப்பி. ஸ்டியரிங்கை ஒரு விரலால் பிடிப்பவன். இப்படி ஒரு பெண் வாய்விட்டுக் கூப்பிட்டும் பதில் சொல்லாத திமிர் பிடித்தவன். அவனை எல்மோர் வெறுத்தார். வாழ்க்கையில் இதுவரை யாரையும் வெறுத்துப் பழக்கமில்லாததால், கொஞ்சம் அளவு தெரியாமல் வெறுத்தார். வெறுப்பில், சத்தத்தைக் கூட்டும் இழுவைக் கட்டைகளையெல்லாம் முழுக்க வெளியே இழுத்து, சுழல் பெட்டி அதிர வாசித்தார்.

"இது, இதுதான் பதினாலு," என்றாள் அவள் மூச்சு வாங்க. எல்மோருக்கு இன்னும் எரிந்தது.

நாலாவது ஞாயிறு சர்ச்சில் உட்கார இடமில்லை. நடைபாதையில் மடக்கு நாற்காலி போட்டார்கள். அதைவிட ஆச்சரியம், பாதிப் பேர் கையில் பென்சிலும் துண்டுத் தாளும்.

"பாத்தீங்களா பிரதர்," என்று பாஸ்டர் கண் கலங்கினார். "என் பிரசங்கத்தைக் குறிப்பெடுக்கறாங்க. இருபது வருஷத்துல முதல் தடவை."

டீக்கன் மேப்ரியும் மாறிப்போயிருந்தார். புது சூட். விளம்பரத் தாளைக் காணோம். ஆர்கன் பக்கம் வந்து எல்மோர் பையில் இரண்டு மிட்டாயைப் போட்டார்.

"இந்தப் பழைய ஆர்கன்ல ஒரு தனி அபிஷேகம் இருக்கு பிரதர். அவசரப்பட்டு எதையும் ரிப்பேர் பண்ணிடாதீங்க."

"பாஸ்டர் அடுத்த ஞாயிறுக்குள்ளன்னு..."

"பாஸ்டர் பரலோக விஷயம் பாக்கறவர். நான் பூலோக விஷயம் பாக்கறேன். கை வைக்காதீங்க."

இது ஏதோ பொறி என்று எல்மோர் முடிவு செய்தார். கை வைக்காமல் விட்டால் ஆண்டு விழா அன்று பிஷப் முன்னால் அவள் பேசுவாள், ஆர்கன் வாசலுக்குப் போகும், எட்டுத் தாளம் உள்ளே வரும். டீக்கன் லேசுப்பட்டவர் அல்ல.

அது மட்டுமென்றால்கூட இன்னும் இரண்டு நாள் தள்ளிப்போட்டிருப்பார். வியாழக்கிழமை சாயங்காலம் அவள் பேசினாள்.

"பதினாலு. கடைசியாச் சொல்றேன். ஞாயித்துக்கிழமை எனக்கு ஒரு மணியோட டூட்டி முடியுது. மக்ரோனி செஞ்சு எடுத்துட்டு வர்றேன், கோழி இருக்கு, சர்க்கரைவள்ளிக்கிழங்கு கேக் இருக்கு. ரெண்டு தட்டு வைக்கறேன். நான் ஒரு தட்டுதான் சாப்பிடுவேன்."

எல்மோர் ஆர்கனை அணைத்தார். நேராக ரிட்ஜ் அவென்யூ ரிப்பேர் கடைக்குப் போய், உள்ளே கம்பி வலை பின்னிய கெட்டிக் கேபிள் ஒன்றை வாங்கிவந்து, பழைய கேபிளைப் பிடுங்கிவிட்டு மாட்டினார். அலுமினியத் தாளைக் கிழித்தெறிந்தார். சுவிட்சைப் போட்டார். பல்சக்கரங்கள் எழுந்தன. பெடலை அடிவரை அழுத்தினார்.

சுத்தமான மௌனம். அப்படியொரு மௌனத்தை அவர் அதற்கு முன் கேட்டதில்லை. ஆர்கன் காப்பாற்றப்பட்டுவிட்டது. எல்மோர் ஒரு கட்டையைக்கூடத் தொடாமல் அதை அணைத்தார்.

ஆண்டு விழா. பிஷப் வந்தார். அறுநூறு பேர் வந்தார்கள். அறுநூறு பென்சில்கள். பாஸ்டர் பிரசங்கித்தார். ஆர்கன் கூடவே நடந்தது, ஏறியது, அழுதது, துடைத்துக்கொண்டது. நடுவில் யாரும் குறுக்கே பேசவில்லை. யாரும் குறுக்கே பேசாததால் பாஸ்டர் நிறுத்தவும் இல்லை. இரண்டே கால் மணி நேரம். சபை மொத்தமும் அவரைப் பார்க்காமல் சுழல் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தது. கடைசி "ஆமென்" சொன்னபோது, பதிலாக வந்தது ஆமென் இல்லை, ஒரு பெருமூச்சு. பென்சில்கள் காதுக்குப் பின்னால் போயின.

"இப்படி ஒரு ஆர்கனை நான் கேட்டு எத்தனை வருஷமாச்சு," என்றார் பிஷப், எல்மோர் கையைப் பிடித்துக்கொண்டு. எல்மோர் தலையை ஆட்டினார்.

பிஷப்பின் கார் தெருவைத் தாண்டியதும் டீக்கன் மேப்ரி உள்ளே ஓடிவந்தார்.

"என்ன பண்ணினீங்க? அந்தம்மாவை என்ன பண்ணினீங்க?"

"சரி பண்ணிட்டேன்."

"சரி பண்ணிட்டாராம் பாஸ்டர், கேட்டுக்கங்க. தெருவுல ஒரு பயலும் வீட்டுக்குப் போகல. எல்லாரும் வாசல்ல நிக்கறாங்க. இன்னிக்கு என்ன நம்பர்னு என்னைக் கேக்கறாங்க."

"என்ன நம்பர்?" என்றார் பாஸ்டர்.

டீக்கன் மென்று விழுங்கினார். பிறகு உண்மை வந்தது. மூன்றாவது ஞாயிறு சுழல் பெட்டி ஏழையும் பதினாலையும் கூப்பிட்டதைத் தெய்வவாக்கு என்று நம்பி, திங்கட்கிழமை அவர் முடிவெட்டும் கடையில் நம்பர் சூதாட்டத்தில் 714 என்று பணம் கட்டியிருக்கிறார். அடித்துவிட்டது. புது சூட் அதுதான். விஷயம் பரவி, அடுத்த ஞாயிறு சபை பென்சிலோடு பெருகியதும் அதனால்தான்.

பாஸ்டர் ஹோசியா நாற்காலியில் உட்கார்ந்தார். பதினைந்து வருஷமாக நம்பர் கட்டுவதற்கு எதிராக மாதம் ஒரு பிரசங்கம் செய்கிறவர் அவர். வாசல் பக்கம் பார்த்தார். அங்கே அறுநூறு ஆத்துமாக்கள். போன மாதம் இருந்தது முந்நூறு.

"அவங்க எதுக்கு வந்தாங்கங்கறது அவங்க பாடு," என்றார் மெதுவாக. "வந்துட்டாங்களே. இனிமே கேக்க வேண்டியதைக் கேக்க வைக்கறது என் பாடு. பிரதர் எல்மோர், அந்தம்மா... சபைக்கு ஒரு ஆசீர்வாதமாத்தான் இருந்தாங்க."

"பாஸ்டர், நீங்கதான்..."

"நான் சொன்னேன். இப்ப வேற சொல்றேன். அடுத்த ஞாயிறு அவங்க பேசலேன்னா இந்த ஆர்கன் ரிப்பேர்னுதான் அர்த்தம். ரிப்பேரான ஆர்கனை வெச்சுக்கிட்டு நாம என்ன செய்ய?"

"எட்டு தாளம்," என்றார் டீக்கன் பழக்கதோஷத்தில்.

எல்மோர் பழைய கேபிளைப் பார்த்தார். அது ஆர்கனுக்குப் பின்னால் சுருண்டு கிடந்தது. மாட்ட இரண்டு நிமிஷம் போதும். ஆர்கன் பிழைத்துவிடும். ஆனால் அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம், ஒவ்வொரு ஞாயிறும், அவள் அந்தப் பதினாலைக் கெஞ்சுவதைக் காலடியில் வைத்துக்கொண்டு அவர் வாசிக்க வேண்டும். சாகும் வரை. அல்லது அவனுக்கும் அவளுக்கும் கல்யாணம் ஆகும் வரை. அதற்கும் அவர்தான் ஆர்கன் வாசிப்பார்.

கேபிளைச் சுருட்டிக் கோட்டுப் பையில் திணித்துக்கொண்டு எழுந்தார். அதில் பாதி வெளியே வால் மாதிரி தொங்கியது.

"எங்க போறீங்க?" என்றார் பாஸ்டர்.

"ஒருத்தனைப் பாக்கணும்," என்றார் எல்மோர். பாஸ்டருக்கு முதுகு காட்டிக்கொண்டு அவர் பேசியது அதுவே முதல் தடவை.

பின்சந்தை ஒரே நடையில் கடந்தார். டாக்ஸி ஆபீஸ் கதவு திறந்துதான் இருந்தது. மேஜைமேல் பூப்போட்ட துணி விரித்து, அதில் மக்ரோனி, கோழி, கிழங்கு கேக். இரண்டு தட்டு. மணி இரண்டு தாண்டி, இரண்டு தட்டும் காலியாகத்தான் இருந்தன. வெர்டெல் ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு, மஞ்சள் நிற உடையில், கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். ஸ்கீட்ஸ் ஸ்டூலில், ஒரு கோழிக் காலோடு. அவனுக்குத் தட்டு கொடுக்கவில்லை, கையில்தான் வைத்திருந்தான்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அவன் எங்க?" என்றார் எல்மோர்.

"எவன்?"

"பதினாலு."

வெர்டெல் வாயைத் திறந்து, மூடினாள். அவள் பதில் சொல்லாமல் இருந்தது எல்மோருக்கு வசதியாகப் போயிற்று. நடுவில் யாராவது பேசினால் அவரால் முடிக்க முடியாது.

"நான் எல்லாத்தையும் கேட்டேன் மிஸ் வெர்டெல். கேக்கக்கூடாது. எங்க ஆர்கன்ல வருது, கேட்டேன். ஜன்னல்கிட்ட வர்றான், நிக்கமாட்டேங்கறான். காப்பி ஆறுது. தட்டு வெச்சீங்க. ரெண்டு மணியாச்சு. அவனுக்கு அறிவு இருந்தா இப்படி ஒரு குரலைக் கேட்டுட்டு, வண்டியைப் போட்ட இடத்துல போட்டுட்டு ஓடி வந்திருக்க வேண்டாமா? அவனைப் பாத்தா நாலு கேள்வி கேக்கலாம்னு வந்தேன். நான் யாரையும் எதுவும் கேட்டதில்ல. அவனைக் கேட்டிருப்பேன்."

"மிஸ்டர் டார்ப்ளி..." என்றாள் அவள். கண்ணில் என்னவோ மின்னியது. கோபமா, அழுகையா, எல்மோருக்குப் பிடிபடவில்லை.

"அவன் வரமாட்டான். வர்றவனா இருந்தா இதுக்குள்ள வந்திருப்பான்." பையிலிருந்து தொங்கிய கேபிளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார், பிடித்துக்கொள்ள வேறொன்றும் இல்லாததால். ஒரு மாதமாக உள்ளே கிடந்தது, அதற்கும் முன்னால் நாற்பத்தேழு வருஷமாக யாரிடமும் கேட்காமல் கிடந்தது, மூச்சோடு சேர்ந்து வெளியே வந்தது. "அந்த ரெண்டாவது தட்டுல நான் உக்காரட்டுமா? இன்னிக்கு மட்டும் இல்ல. எல்லா ஞாயித்துக்கிழமையும்?"

வெர்டெல் இரண்டாவது நாற்காலியைக் காலால் மெல்லப் பின்னுக்குத் தள்ளினாள்.

ஸ்கீட்ஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். கோழிக் காலைக் கீழே வைத்து, விரலை நக்கிக்கொண்டு, நிஜமான குழப்பத்தோடு கேட்டான்.

"பதினாலா? நம்ம கம்பெனியில மொத்தமே ஒம்போது வண்டிதானே மிஸ் வெர்டெல்?"